யெல்லோஸ்டோனில் விலங்கு பார்க்கப் போகிறீர்களா? மாதம், ரோடு, பாஸ், செலவு

2023 ஜூலையில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு டல்லாஸிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போனோம். நான்கு நாள் இருந்தோம். வெந்நீர் ஊற்று பார்த்தோம், கூட்டம் பார்த்தோம், ரோட்டோரத்தில் பைசன் என்ற காட்டுமாடு பார்த்தோம். கரடியும் இல்லை, ஓநாயும் இல்லை. ஓநாய் பார்க்கத்தான் அப்பா வந்திருந்தார். திரும்பும்போது விமானத்தில் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

2025 மே கடைசியில் மறுபடி போனோம். அதே நான்கு நாள்தான். இந்த முறை கரடிகள் பார்த்தோம், குட்டிகளோடு வந்த தாய்க் கரடியும் அதில் ஒன்று. இரண்டாம் நாள் விடியலில் ஓநாய் பார்த்தோம். இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை லீவு கிடைத்த தேதியை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்தோம். இரண்டாம் தடவை எந்த விலங்கு என்பதில் தொடங்கினோம். விலங்கு மாதத்தைச் சொல்லும், மாதம் எந்த ரோடு திறந்திருக்கும் என்று சொல்லும், ரோடு எங்கே தங்க வேண்டும் என்று சொல்லும். இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், விலங்கும் கிடைக்காது.

நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முதல் தடவை போகிறவர்களுக்காக எழுதியிருக்கிறேன்.

1. முதலில் விலங்கை முடிவு செய்யுங்கள்

மார்ச்சில் ஆண் கிரிஸ்லி கரடிகள் குகையை விட்டு வெளியே வரத் தொடங்கும். குட்டி போட்ட பெண் கரடிகள் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை மெதுவாக வரும். மலையின் மேல்பகுதியில் அப்போது பனி கிடக்கும். பசியோடு எழுந்த கரடிக்குப் புல்லும், குளிரில் செத்துப்போன விலங்குகளின் உடலும் கீழே பள்ளத்தாக்கில்தான் கிடைக்கும். அதனால் கரடி ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் இருக்கும். ஜூலையில் பனி உருகியதும் அது மேலே ஏறிவிடும். நாங்கள் முதல் தடவை ஏமாந்ததன் முக்கியக் காரணம் இதுதான்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பைசன் கன்று போடும். பெரிய மாடு கரும்பழுப்பு, கன்று மட்டும் அசல் செவலை. நம் ஊர்ச் செவலைக் கன்றை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நிறம். மே கடைசியிலிருந்து ஜூன் வரை எல்க் மான் குட்டி போடும். புல்லில் ஒளிந்து படுத்திருக்கும் அந்தக் குட்டிகளைத் தேடிக் கரடியும் ஓநாயும் வெட்டவெளிக்கு வரும். ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை போங்கள். என் முடிவு அது. குளிர் இருக்கும், சில நாள் பனியும் கொட்டும், பரவாயில்லை.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் பூக்களின் காலம். கூடவே கொசுவும். அந்தச் சமயத்தில் யெல்லோஸ்டோன் ஏரிக்கு வடக்கே லெஹார்டி ரேப்பிட்ஸ் என்ற இடத்தில் கட்த்ரோட் டிரவுட் மீன்கள் எதிர்நீரில் துள்ளி ஏறுவதைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். கான்யன் பகுதியில் பாறைத் தூண்களின் உச்சியில் ஆஸ்ப்ரே என்ற மீன்பிடிக் கழுகின் கூடு இருக்கும். பைனாகுலரில் குஞ்சுகளும் தெரியும்.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை பைசன்களின் இணைசேரும் காலம். ஹேடன் பள்ளத்தாக்கிலும் லாமர் பள்ளத்தாக்கிலும் ஆண் பைசன்கள் உறுமிக்கொண்டு புழுதியில் புரளும், மோதிக்கொள்ளும். பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்கிறவர்கள் இதை நோக்கமாக வைத்துக்கொண்டு போங்கள், ஏமாற்றம் வராது. ஆனால் கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். 2024இல் இந்தப் பார்க்குக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 47 லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு கோடையில்.

செப்டம்பரிலும் அக்டோபர் முதல் பாதியிலும் ஆண் எல்க் மான்கள் கூவும். விசில் போல மேலே ஏறி, உறுமலாக முடியும் சத்தம். மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸில் கட்டடங்களுக்கு நடுவிலேயே அவை நிற்கும். அப்போது கரடிகளும் குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஓநாய்க்கு நல்ல காலம். வெள்ளைப் பனியில் கறுப்பு ஓநாய் ஒரு மைல் தள்ளி நடந்தாலும் தெரியும், பிப்ரவரியில் இணைசேரும் காலம் என்பதால் நடமாட்டமும் அதிகம். பைசன் தலையையே மண்வெட்டியாக்கி இடமும் வலமுமாகப் பனியைத் தள்ளிப் புல் தேடும். கரடி தூங்கிக்கொண்டிருக்கும், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

2. ரோடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். யெல்லோஸ்டோனுக்கு ஐந்து வாசல். வருஷம் முழுக்கச் சாதாரண வண்டி போகக்கூடிய ரோடு ஒன்றே ஒன்று: வடக்கு வாசலில் கார்டினரில் தொடங்கி, மாமத், டவர் என்ற இடங்கள் வழியாக, வடகிழக்கு வாசலைத் தாண்டி குக் சிட்டி வரை. லாமர் பள்ளத்தாக்கு இந்த ரோட்டில்தான் இருக்கிறது. விலங்கு பார்ப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

மற்ற ரோடுகள் நவம்பர் தொடக்கத்தில் மூடப்படும். வசந்தத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஏப்ரல் மூன்றாம் வெள்ளியையொட்டி மேற்கு வாசலும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று, நாரிஸ், கான்யன் பக்கமும். மே தொடக்கத்தில் கிழக்கு வாசல். மே நடுவில் தெற்கு வாசல். டவருக்கும் கான்யனுக்கும் இடையே டன்ரேவன் கணவாய் என்று ஒன்று இருக்கிறது, 2,700 மீட்டர் உயரம். அது மே கடைசி வாரத்தில், மெமோரியல் டேயையொட்டித்தான் திறக்கும். இவை எல்லாமே வானிலையைப் பொறுத்தவை. பனி கொட்டினால் திறந்த ரோட்டையும் அன்றே மூடுவார்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2025இல் போனபோது ஒரு நாள் டவரிலிருந்து ஹேடன் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று போனில் வழி பார்த்துவிட்டுக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே கேட். முந்தின இரவு பனி கொட்டியிருந்தது. போன் காட்டிய வழியில் அது தெரியவில்லை. மாமத், நாரிஸ் எனச் சுற்றிக்கொண்டு போனதில் காலைப் பொழுதே போய்விட்டது. போன் மேப்பை நம்பாதீர்கள். 888777 என்ற எண்ணுக்கு 82190 என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் ரோடு மூடல், திறப்புச் செய்திகள் உங்கள் போனுக்கு வந்துகொண்டிருக்கும். பார்க்குக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் இரவே பார்த்துவிடுங்கள். நேஷனல் பார்க் சர்வீஸின் செயலியை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. தங்குமிடம்: ஒரு வருஷம் முன்னால்

பார்க்குக்குள் இருக்கும் ஹோட்டல்களை நடத்துவது ஸாண்டெரா என்ற நிறுவனம். முன்பதிவு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி திறக்கும், அடுத்த வருஷத்தின் அதே மாதம் முழுவதற்கும். உதாரணமாக, 2027 ஜூனில் தங்க வேண்டும் என்றால் 2026 ஜூன் 5ஆம் தேதி உட்கார வேண்டும். நல்ல அறைகள் சீக்கிரம் போய்விடும். தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். நிறையப் பேர் ரத்து செய்வார்கள், அந்த அறைகள் அவ்வப்போது தலைகாட்டும். தினமும் ஒரு தடவை பாருங்கள். எனக்கு மாமத் கேபின் அப்படித்தான் கிடைத்தது. பதிவு செய்யும்போதே பணம் திருப்பித் தரும் விதியையும் படித்துவிடுங்கள்.

கோடையில் கான்யன் பக்கம் குளியலறையோடு உள்ள அறை ஓர் இரவுக்கு 300 டாலரைத் தாண்டும். பொதுக் குளியலறை உள்ள கேபின் அதைவிடக் குறைவு. லாமருக்கு மிகப் பக்கம் ரூஸ்வெல்ட் லாட்ஜ், ஆனால் அது ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைதான். மே மாதம் போகிறவர்கள் மாமத் அல்லது வெளியே கார்டினர், சில்வர் கேட், குக் சிட்டி பாருங்கள். கார்டினரிலிருந்து லாமருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். சில்வர் கேட்டிலிருந்து இன்னும் சீக்கிரம். ஆனால் அது மிகச் சின்ன ஊர், கடை கண்ணி குறைவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நாங்கள் 2023இல் விழுந்தது. ஹோட்டல் பதிவுத் தளம் ஒன்றில் ‘யெல்லோஸ்டோன் அருகில்’ என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் மேற்கு வாசலுக்கே ஒரு மணி நேரம். பார்க்கின் சுற்று ரோடு மட்டும் 142 மைல், பெரும்பாலான இடங்களில் வேகம் 45 மைலுக்கு மேல் கூடாது, நடுவில் பைசன் ரோட்டில் நின்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மேற்கு வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலிருந்தே லாமருக்கு ஏறக்குறைய 80 மைல், இரண்டரை மணி நேரம். அங்கே தங்கினால் விடியலில் லாமரில் நிற்பது நடக்காத காரியம். பதிவு செய்யும் முன் ஹோட்டலிலிருந்து நீங்கள் பார்க்கப்போகும் பள்ளத்தாக்கு வரை எத்தனை மைல் என்று பாருங்கள். வாசல் வரை உள்ள தூரம் உதவாது.

கூடாரம் போட விரும்புகிறவர்களுக்கு இரண்டு தனித்தனி வழி. பெரிய கேம்ப்கிரவுண்டுகள் ஸாண்டெராவிடம்; மாமத், ஸ்லூ கிரீக் போன்றவை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில், ஆறு மாதம் முன்னால். ஸ்லூ கிரீக்கில் 16 இடம்தான், ஆனால் ஓநாய் பார்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஃபிஷிங் பிரிட்ஜில் கூடாரத்துக்கு அனுமதி கிடையாது. கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டிச் சுவர் உள்ள, உள்ளேயே தூங்கக்கூடிய ஆர்வி வண்டிகள் மட்டும்தான். இது தெரியாமல் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

4. பாஸ், அடையாள அட்டை: 2026இல் மாறிய விதி

ஒரு வண்டிக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர், ஏழு நாள் செல்லும். வண்டியில் எத்தனை பேர் என்பது கணக்கில்லை. அமெரிக்கா முழுக்க உள்ள தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் 80 டாலர். எத்தனை மணிக்கு வருகிறோம் என்று முன்பதிவு செய்யத் தேவையில்லை. இது வரைக்கும் எளிது.

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு விதி வேறு. அவர்களுக்கு வருடாந்திர பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் வந்தால், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். இந்த 100 டாலர் எல்லாப் பார்க்கிலும் இல்லை, கூட்டம் அதிகமுள்ள 11 பார்க்குகளில் மட்டும். யெல்லோஸ்டோன் அதில் ஒன்று. பக்கத்திலேயே இருக்கும் கிராண்ட் டீட்டனும் ஒன்று. கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, சயான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

நம் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நாம் இந்தப் பார்க்குக்குப் போவதே பெரும்பாலும் ஊரிலிருந்து பெற்றோர் வரும்போதுதான். பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா இருவரும் வசிக்காதவர்கள் கணக்கில்தான் வருவார்கள். பாஸ் இல்லாமல் போனால் இரண்டு பேருக்கு ஒரு பார்க்கில் 200 டாலர் கூடுதல். ஜாக்சன் பக்கமிருந்து தெற்கு வாசல் வழியாக வந்தால் கிராண்ட் டீட்டனுக்குள் நுழைந்துதான் வர வேண்டும், அங்கே தனியாக. அதே பயணத்தில் இரண்டு பார்க் என்றால் 250 டாலர் பாஸோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள். வண்டியில் இங்கே வசிக்கிறவர்களும் விருந்தாளிகளும் கலந்திருந்தால், எந்த பாஸ் யாருக்குச் செல்லும் என்பதை நேஷனல் பார்க் சர்வீஸ் பக்கத்தில் கிளம்பும் வாரத்திலேயே படித்துவிட்டு வாங்குங்கள். வாசலில் வரிசையில் நின்றுகொண்டு யோசிக்கும் விஷயம் இல்லை இது.

கையில் இருக்க வேண்டியவை: 80 டாலர் பாஸுக்கு அமெரிக்காவில் வழங்கிய புகைப்பட அடையாள அட்டை, அதாவது மாநில டிரைவிங் லைசென்ஸ், கிரீன் கார்டு போன்றவை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மாநில லைசென்ஸ் இருந்தால் போதும். பாஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வண்டியில் இருக்க வேண்டும், அட்டையில் அதே பெயர் இருக்க வேண்டும். பெற்றோரின் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவின் நகலும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மறக்காதீர்கள். பார்க் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரத்த அழுத்தம், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது. மாமத்தில் சின்ன மருத்துவமனை வருஷம் முழுக்க உண்டு.

5. விமானம், வண்டி

வடக்கு வாசலுக்கு வசதியான விமான நிலையம் போஸ்மன். அங்கிருந்து கார்டினர் 80 மைல், ஒன்றரை மணி நேரம். விமான டிக்கெட்டுக்கு முன்னால் வாடகைக் காரின் விலையைப் பாருங்கள். கோடையில் போஸ்மனில் வாடகை எகிறிவிடும், சில சமயம் டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் காரில் போய்விடும். சால்ட் லேக் சிட்டியில் இறங்கினால் மலிவு, ஆனால் மேற்கு வாசலுக்கே ஐந்து மணி நேர ஓட்டம். வயதானவர்கள் இருந்தால் வேண்டாம். குளிர்காலத்தில் பனி டயர் உள்ள வண்டி வேண்டும் என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மளிகைச் சாமான் போஸ்மனிலேயே வாங்கிவிடுங்கள். பார்க்குக்குள் சைவச் சாப்பாட்டுக்குத் தேர்வு குறைவு. அம்மா புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுவந்திருந்தார்; மூன்று நாள் மதியம் அதில்தான் ஓடியது. ஆனால் சாப்பாட்டை வெளியே வைத்துவிட்டு நகரக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் துடைத்த பேப்பர் வரை வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிவரும். அண்டங்காக்கைகளும் லேசுப்பட்டவை இல்லை, பையின் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டவை அவை.

6. கரடி ஸ்பிரே, பைனாகுலர், உடுப்பு

கரடி ஸ்பிரே இல்லாமல் ரோட்டை விட்டு நூறு அடிகூட நடக்காதீர்கள். ஒரு டப்பா 40, 50 டாலர். இதை விமானத்தில் கையிலும் எடுத்துப் போக முடியாது, லக்கேஜிலும் போட முடியாது. போய் இறங்கித்தான் வாங்க வேண்டும். கோடையில் கான்யன் வில்லேஜில் வாடகைக்கும் கிடைக்கும். ஓரிரு நாள் நடப்பவர்களுக்கு அது லாபம். இரண்டு விஷயம் முக்கியம். இது கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக்கொள்வது இல்லை. எதிரே வரும் கரடியின் முன்னால் மேகம்போல அடிப்பது. அப்புறம், பைக்குள் போட்டு வைத்தால் பயனில்லை. இடுப்பில் இருக்க வேண்டும், பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றும் விதம் வாங்கின அன்றே தெரிந்திருக்க வேண்டும். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், வெடிக்கும். நடக்கும்போது மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கரடியைப் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது. மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

பைனாகுலர் 8x42 அல்லது 10x42 போதும். ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றை நான்கு பேர் மாற்றிக்கொள்வதற்குள் ஓநாய் புதருக்குள் போய்விடும். ஓநாய்க்கு நிஜமாக வேண்டியது முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ஒரு கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. விலை அதிகம், வாங்க வேண்டாம். கார்டினரிலும் சில்வர் கேட்டிலும் வாடகைக்குக் கிடைக்கும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

உடுப்பைப் பொறுத்தவரை, மே கடைசியிலும் விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். குல்லா, கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் ஸ்வெட்டர். மதியம் எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள்.

குளிர்காலத்தில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கம் போக வேண்டுமானால் பனியில் ஓடும் ஸ்னோகோச் வண்டியில் இடம் பிடிக்க வேண்டும், ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும். விலங்குக்காக மட்டும் போகிறவர்களுக்கு வடக்கு ரோடே போதும்.

7. விடியலில் லாமர்

மே கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்குள் உதித்துவிடும். கார்டினரிலிருந்து நாலரைக்குக் கிளம்புங்கள். இரவே பிளாஸ்கில் காபி ஊற்றி வையுங்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஓநாயும் கரடியும் நிழலுக்குப் போய்விடும்; அந்த நேரத்தில் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வாருங்கள். 2023இல் நாங்கள் தினமும் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம்.

லாமரில் எங்கே நிற்பது? நீங்களாகத் தேட வேண்டாம். ஸ்கோப் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் அசையாமல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஓநாய்களைப் பின்தொடர்கிறவர்கள் அவர்கள். வண்டியை ரோட்டோரம் ஒதுக்குவதற்கென்று இருக்கும் இடத்தில் முழுக்க உள்ளே நிறுத்திவிட்டு, கதவை அடிக்காமல் மூடி, மெதுவாகப் போய்க் கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரு பெரியவர் தன் ஸ்கோப்பின் உயரத்தை அப்பாவின் கண்ணுக்கு இறக்கிவைத்து, “அந்த ஒற்றை மரத்துக்குக் கீழே, இடது பக்கம்” என்று சைகையில் காட்டினார். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் அவர் மூச்சின் ஆவி படிந்தது, துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். கறுப்பு ஓநாய் ஒன்று ஆற்றங்கரையில் முகர்ந்துகொண்டே நடந்தது, பின்னால் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. “நம்ம ஊர் நாய் மாதிரியேதான் நடக்குது, ஆனா அவசரமே இல்ல பாரு” என்றார். அதற்கு மேல் இருபது நிமிஷம் யாரிடமும் பேசவில்லை. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட 31 ஓநாய்களில் தொடங்கிய கூட்டங்கள் இவை. இன்று பார்க் முழுக்க ஏறக்குறைய நூறு இருக்கின்றன. இவ்வளவு பெரிய இடத்தில் நூறு. அதனால்தான் ஸ்கோப் வேண்டும் என்கிறேன்.

திரும்பும் வழியில் பைசன் கூட்டம் ரோட்டைக் கடந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு செவலைக் கன்று தாயின் வயிற்றை முட்டிக்கொண்டே எங்கள் ஜன்னலை ஒட்டிப் போனது. தாயின் மூக்கிலிருந்து ஆவி வந்தது, முதுகு மயிர் பழைய கம்பளிபோல் கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. இப்படி நேர்ந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், ஜன்னலை ஏற்றிவிட்டு அமைதியாக இருங்கள்.

8. தூரம்: இதில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள்

கரடி, ஓநாய், மலைச்சிங்கம் மூன்றிடமிருந்தும் 100 கெஜம், அதாவது 91 மீட்டர். பைசன், எல்க் உட்பட மற்ற எல்லாவற்றிடமிருந்தும் 25 கெஜம், அதாவது 23 மீட்டர். இது சட்டம். மீறினால் அபராதம், சிறைத் தண்டனை வரை உண்டு. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். விலங்கு விரலுக்குப் பின்னால் முழுக்க மறையவில்லை என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

யெல்லோஸ்டோனில் மனிதர்களை அதிகம் காயப்படுத்திய விலங்கு கரடி இல்லை, பைசன். மாடு மாதிரி நிற்பதால் மாடு என்று நினைத்துவிடுகிறோம். மணிக்கு 35 மைல் ஓடும். வாலைத் தூக்கினால், தரையைக் காலால் கிளறினால், உடனே பின்வாங்குங்கள். மே, ஜூனில் மாமத்தில் கட்டட மூலை திரும்பும்போதும் கவனம், குட்டியை ஒளித்து வைத்திருக்கும் பெண் எல்க் பாய்ந்துவிடும்.

தனியாக நிற்கும் குட்டியைக் கண்டால் தொடாதீர்கள், உதவி செய்வதாக நினைத்தும் தொடாதீர்கள். 2023 மே மாதம் லாமரில் ஆற்றைக் கடக்க முடியாமல் பின்தங்கிய பைசன் கன்று ஒன்றை ஒருவர் தள்ளிக் கரையேற்றினார். கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கன்று ரோட்டில் வண்டிகளையும் ஆட்களையும் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பார்க் ஊழியர்களே அதைக் கொல்ல வேண்டியதாயிற்று. என் மகளிடம் கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிட்டேன். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

டிரோன் பறக்கவிடக் கூடாது, ஓநாய் மாதிரி ஊளையிட்டுக் கூப்பிடக் கூடாது, இரவில் விலங்கின் மேல் டார்ச் அடிக்கக் கூடாது, கீழே விழுந்து கிடக்கும் மான் கொம்பை எடுக்கக் கூடாது. நாலும் சட்டப்படி குற்றம்.

9. திரும்பும்போது

மிச்சமான கரடி ஸ்பிரேயை விமான நிலையம் வரை கொண்டுபோகாதீர்கள். மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்ளும் இடங்கள் பார்க்குக்குள்ளேயே உண்டு, ஹோட்டல் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். நாங்கள் எங்கள் டப்பாவை, அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வந்தோம். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

அப்பா இப்போது எல்க் கூவுவதைக் கேட்க வேண்டும் என்கிறார். செப்டம்பர் 5ஆம் தேதி காலைக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.